வுஸ்டரின் மேஜர்

மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் வுஸ்டர் என்றொரு ஊர். (ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்தால் நாக்கு சுளுக்கும்.) அங்கே பொது நூலகத்துக்கு வெளியே ஒரு வெண்கல மனிதர் சைக்கிளோடு நிற்கிறார். பெயரைப் படித்த என் மகன், "மேஜர்னா, இவரு மிலிட்டரியாப்பா?" என்றான்.

இல்லை. மார்ஷல் டெய்லர் சிறுவனாக இண்டியானாபொலிஸில் ஒரு சைக்கிள் கடை வாசலில் ராணுவச் சட்டை போட்டுக்கொண்டு வித்தை காட்டியவர். அப்போது ஒட்டிய பட்டப்பெயர்தான் மேஜர்.

அமெரிக்க சைக்கிளோட்டிகளின் பெரிய சங்கம் 1894-ல் கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று விதி எழுதியது. மறு வருடம், முதலாளி மங்கரோடு டெய்லர் வுஸ்டர் வந்து சேர்ந்தார். 1897-ல் இதே மாநிலத்து டான்டனில் பந்தயம் முடிந்ததும் பெக்கர் என்ற வெள்ளைக்கார வீரர் அவர் கழுத்தை நெரித்தார், நினைவு தப்பிவிட்டது. இரண்டே வருடத்தில், 1899-ல், மான்ட்ரியாலில் ஒரு மைல் பந்தயத்தில் உலக சாம்பியன். வயது 20.

ஊர் கொண்டாடியதா? பாதிதான். பத்திரிகைகள் 'வுஸ்டர் சூறாவளி' என்று எழுதின. ஆனால் ஹாப்சன் அவென்யூவில் அவர் வீடு வாங்கியபோது, அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் கூடுதல் பணம் தருகிறோம், திருப்பிக் கொடுத்துவிடு என்றார்கள். அவர் கொடுக்கவில்லை. எனக்கு அவருடைய பதக்கங்களைவிட இந்த மறுப்புதான் பெரிதாகப் படுகிறது.

கடைசிக் காலத்தில் கையில் காசில்லை. தன் சுயசரிதையைத் தானே சிகாகோவில் வீடு வீடாக விற்றார். 1932-ல் தர்ம ஆஸ்பத்திரியில் இறந்தபோது உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. ஏழைகளுக்கான குழியில் புதைத்தார்கள். 1948-ல் பழைய பந்தய வீரர்கள் சிலர், சைக்கிள் கம்பெனிக்காரர் ஃபிராங்க் ஷ்வின் கொடுத்த பணத்தில், உடலைத் தோண்டி எடுத்து நல்ல இடத்தில் அடக்கம் செய்தார்கள். வுஸ்டரில் சிலை திறக்க 2008 ஆகிவிட்டது. அந்தச் சங்கம் தன் விதியை முறையாகக் கைவிட்டதே 1999-ல்தான்!

சிலையைப் பார்த்துவிட்டு, அவர் பயிற்சி எடுத்த ஜார்ஜ் தெருவுக்கும் நடந்து போனோம். 500 அடி நீளம்தான். சுவர் மாதிரி ஏறுகிறது. பாதியில் மகன் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான்.

"இதுலயா சைக்கிள் ஓட்டினாரு?"


"ஆமாடா. அதுவும் கியர் மாத்த முடியாத சைக்கிள்."