இரண்டு பாடசாலைகளின் ஆட்டம் யாருடைய மைதானத்தில்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலைக்கும் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைக்கும் இடையில் வருடா வருடம் நடக்கும் உதைபந்தாட்டத்தை இந்த முறை நகரத்து விளையாட்டரங்கில் வைப்போம் என்று ஒரு கதை போய்க்கொண்டிருக்கிறது. அங்கே புல்தரை இருக்கிறது, படிவரிசையில் இருக்கைகள் இருக்கின்றன, உடை மாற்ற அறை இருக்கிறது. படம் எடுத்தாலும் எடுப்பாக இருக்கும். இவற்றோடு இன்னொரு காரணத்தையும் சிலர் மெல்லிய குரலில் சொல்கிறார்கள்: "ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான இடம், பிரச்சினை வராது." அந்தக் கடைசிக் காரணத்தைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தோம்.

பாடசாலை ஆட்டத்தைப் பெரிய அரங்குக்குக் கொண்டு போவதா, சொந்த மைதானத்திலேயே வைப்பதா என்பது எங்கள் ஊரில் மட்டும் எழுந்த கேள்வி அல்ல. நம் நாட்டிலேயே இதற்கு மூன்று விதமான பதில்கள் இருக்கின்றன.

முதலாவது கொழும்பு. றோயல் கல்லூரிக்கும் சென். தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் 1879 இல் தொடங்கியது. அந்த முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் சேர்ந்து ஆடியதால் மாணவர்கள் மட்டும் ஆடிய 1880 ஆம் ஆண்டு ஆட்டத்தையே முதல் ஆட்டமாகக் கணக்கெடுப்பார்கள். அப்போது றோயலுக்குக் கொழும்பு அகடமி என்று பெயர். சென். தோமஸ் முகத்துவாரம் பக்கம் இருந்தது. ஆட்டம் நடந்ததோ காலிமுகத்திடலில். பிள்ளைகள் பெய்ரா வாவியில் படகு வலித்து ஆடப் போனார்கள் என்று இன்றும் அந்தக் கல்லூரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆக, தொடக்கத்திலிருந்தே அது இருவருக்கும் சொந்தமில்லாத இடம். கூட்டம் பெருக, டெஸ்ட் ஆட்டங்கள் நடக்கும் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இப்போது ஆடுகிறார்கள். பழைய மாணவர்கள் வெளிநாடுகளிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். அவர்களுக்கு அது பொருந்துகிறது. இரண்டு பாடசாலைகளும் ஒரே நகரத்தைச் சுற்றி இருப்பவை, வாகனம் உள்ளவர்கள், செலவழிக்க ஆள் உண்டு.

இரண்டாவது கண்டி. றோயலும் கண்டி திரித்துவக் கல்லூரியும் ஆடும் பிரட்பி கேடய றக்பி 1945 இல் தொடங்கியது. ஒரு ஆட்டம் கண்டியில், மற்றது கொழும்பில். இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று தீர்மானிப்பார்கள். அங்கே போய் அவர்களுடைய சத்தத்துக்குள் ஆட வேண்டும். பிறகு அவர்கள் வந்து உங்கள் சத்தத்துக்குள் ஆட வேண்டும். இந்த முறையைப் பற்றிக் கீழே மறுபடியும் சொல்வோம்.

மூன்றாவது நமக்குக் கிட்டத்தில் இருக்கும் யாழ்ப்பாணம். யாழ். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் சமர் 1904 இல் தொடங்கியது. போர்க்காலத்தில் நடக்காமல் போன வருடங்கள் உண்டு.  மத்திய கல்லூரி மைதானத்தில்தான் மூன்று நாள் ஆட்டம். இரண்டு அணிகளில் ஒன்றுக்கு அது சொந்த வீடு. அந்தக் கணக்குப்படி பரியோவான் பிள்ளைகள் விருந்தாளிகளாகவே ஆடுகிறார்கள். "நடுநிலை" என்று இப்போது பேசுபவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். ஏனென்றால் அந்த மைதானத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில்தான் துரையப்பா விளையாட்டரங்கு இருக்கிறது. யாழ்ப்பாண மேயராக இருந்த அல்பிரட் துரையப்பாவின் பெயரில் உள்ள அரங்கு. இந்தியாவின் உதவியில் புதுப்பித்து 2016 ஜூன் மாதம் திறந்தார்கள். இருக்கை வசதி எல்லாம் அங்கே உண்டு. இருந்தும் பெரும் சமர் அந்தச் சிறிய தூரத்தைத் தாண்டிப் போகவில்லை. மதிலில் ஏறி இருந்தும் மர நிழலில் நின்றும் பார்க்கிற சனத்துக்கு அந்த மைதானம்தான் சமர்.

2025 செப்டம்பர் 1 ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். அது கட்டி முடிந்தால் பெரும் சமரையும் அங்கே கொண்டு போகச் சொல்லி ஒரு குரல் எழும் என்பது எங்கள் ஊகம். அப்போது யாழ்ப்பாணத்தார் என்ன பதில் சொல்கிறார்கள் என்று பார்க்க எங்களுக்கும் ஆசை.

வெளிநாடுகளிலும் இதே இழுபறிதான். அமெரிக்காவில் ஜோர்ஜியா, புளோரிடா பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்டம் 1933 இலிருந்து ஏறக்குறைய எல்லா வருடமும் ஜாக்சன்வில் நகரத்தில், இருவருக்கும் பொதுவான அரங்கில் நடக்கிறது. (அவர்களுடைய உதைபந்தில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று எங்களைக் கேட்காதீர்கள்.) இப்போது அது ஒரு தொழில்முறைக் கழகத்தின் அரங்கு. மைதானம் பாதிப் பாதியாக இரண்டு நிறத்தில் நிறைவது அழகுதான், நகரத்துக்கும் வருமானம். ஆனால் 1994, 1995 இல் அரங்கைத் திருத்திக் கட்டியபோது இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒருவர் வளாகத்துக்கு ஒருவர் போய் ஆடின. ஜோர்ஜியாவின் பயிற்றுநர் கேர்பி ஸ்மார்ட் சொந்த வளாகத்தில் ஆடுவதே நல்லது என்று வெளிப்படையாகப் பேசியவர். சொந்த மைதானத்தில் ஆடினால்தான் அடுத்த வருடம் சேரக்கூடிய பிள்ளைகளை அழைத்து வந்து காட்டலாம் என்பது அவருடைய நியாயம்.

இங்கிலாந்தில் கதை தலைகீழ். ஈட்டன், ஹரோ என்ற இரண்டு பணக்காரப் பாடசாலைகள் 1805 இல் லோர்ட்ஸில் ஆடத் தொடங்கின. கவிஞர் பைரன் ஹரோவுக்காக ஆடிய ஆட்டம் அது. 2022 இல் மைதானத்தை நடத்தும் எம்.சி.சி. கழகம், இனி அந்த ஆட்டம் இங்கே வேண்டாம், மற்றப் பிள்ளைகளுக்கும் இந்த இடத்தில் ஆட வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று முடிவெடுத்தது. உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். 2027 வரை தொடரட்டும் என்று 2023 இல் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். இந்த விடயத்தில் நாங்கள் கழகத்தின் பக்கம். பெரிய அரங்கு என்றால் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் பாடசாலையும் மாகாண இறுதிக்கு வந்து ஆடுகிற இடமாக இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் இறுதியாட்டத்துக்குத் தகுதி பெற்றால் துரையப்பாவுக்கு நாங்களே பஸ் பிடித்துக் கூட்டிப் போவோம், இன்ஷா அல்லாஹ்.

ஆனால் பக்கத்துப் பாடசாலையோடு ஆடுகிற ஆட்டம் வேறு.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்களில் பலர் கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. புத்தளம், கல்பிட்டி வீதியோர முகாம்களில்தான் வளர்ந்தோம். நாங்கள் படித்தது பின்நேரப் பாடசாலையில். கட்டடம் காலைப் பாடசாலைக்குரியது, மைதானமும் அவர்களுக்குரியது. இடம் தந்த புத்தளத்து மக்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள், அது வேறு. ஆனால் விளையாட்டுப் போட்டி என்றால் முதலில் அனுமதிக் கடிதம் எழுத வேண்டும் என்பதுதான் எங்கள் சிறுபராயம். தென்னந்தோட்டத்தில் தென்னைகளையே கோல் கம்பங்களாக வைத்து ஆடினோம். அந்த இடமும் எவருடையதும் இல்லாத பொது இடம் மாதிரித்தான் இருந்தது. பொது இடத்தில் இருபது வருடம் ஆடிப் பார்த்தவர்கள் நாங்கள்.

2009 க்குப் பிறகு திரும்பி வந்தபோது பாடசாலை மைதானம் காடாகக் கிடந்தது. மூலையில் நின்ற புளியமரத்தை வைத்துத்தான் வாப்பாமார் எல்லையைச் சொன்னார்கள். கண்ணிவெடிப் பயம் தெளிந்த பிறகு சிரமதானம் வைத்துத் துப்புரவாக்கினோம். உம்மாமார் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் கொண்டு வந்தார்கள். இன்றைக்கும் அங்கே புல் ஒழுங்காக முளைப்பதில்லை, முழங்கால் தேய்கிறது. உண்மைதான்.

பக்கத்துப் பாடசாலையினரும் அப்போதுதான் மெனிக் பாமிலிருந்து திரும்பியிருந்தார்கள். அவர்களுக்கும் கூரை இல்லை. முதல் ஆட்டம் அவர்களுடைய மைதானத்தில் நடந்தது. எங்கள் பிள்ளைகள் உள்ளே போகத் தயங்கினார்கள். சில வாப்பாமாரும் தயங்கினார்கள், ஏன் என்று எழுதத் தேவையில்லை. இடைவேளையில் அசருக்கு நேரமாகிவிட்டது. அங்கிருந்த ஆசிரியை ஒருவர் ஒரு வகுப்பறையைக் கூட்டித் துடைத்து, பாய் விரித்து, வாளியில் தண்ணீரும் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "சேர், இதுக்குள்ள தொழலாம்" என்றார். தொழுது முடியும் வரை இரண்டாம் பாதி தொடங்காமல் காத்திருந்தார்கள். நாலுக்கு ஒன்று என்று தோற்றுத்தான் திரும்பினோம். அடுத்த வருடம் அவர்கள் எங்கள் மைதானத்துக்கு வந்தபோது பள்ளிவாசல் பக்கத்து வீடுகளிலிருந்து பிளேன்டீயும் வட்டிலப்பமும் போயின. நகரத்து அரங்கில் அந்த வகுப்பறைக் கதவை யார் திறப்பது? அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு காவலாளி இருப்பார், அவருக்கு இரண்டு பாடசாலைகளையும் தெரியாது.

பிரச்சினை வராது என்கிறார்களே, அதையும் மறைக்காமல் பேசுவோம். போன வருடம் ஒரு பெனால்டி விடயத்தில் வாய்த்தர்க்கம் வந்தது. இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள் மைதானத்துக்குள் விழுந்தன. எறிந்தது நம்முடைய பக்கத்துப் பெடியன்கள். மறுநாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பாடசாலை அதிபரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தோம். அதிபர் அவர்களை இருத்தித் தேநீர் கொடுத்து அனுப்பினார். நகரத்து அரங்கில் எறிந்திருந்தால் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்டிருப்போம்? அந்தத் தகராறுக்கு மருந்து வெளியிலிருந்து வரும் நல்ல நடுவர். லீக்கிடம் கேட்டு இரண்டு பாடசாலைக்கும் சம்பந்தமில்லாத மூன்று பேரை எடுப்போம். நடுநிலை அவர்களிடம் இருந்தால் போதும்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு போட்டிக்காகப் பிள்ளைகளைப் பெரிய அரங்கொன்றுக்குக் கூட்டிப் போனோம். ஒரு பஸ்ஸுக்குத்தான் காசு சேர்ந்தது. அணியும் ஆசிரியர்களும் ஏறியதும் இடம் முடிந்துவிட்டது. உம்மாமார் இல்லை, தங்கச்சிமார் இல்லை, வேலியோரத்தில் கச்சான் விற்கும் அப்பாவும் இல்லை. கோல் அடித்த பிள்ளை திரும்பிப் பார்த்தான். அத்தனை இருக்கைகளும் வெறுமையாக இருந்தன. வரும் வழியில் அவன் ஒன்றும் பேசவில்லை. எங்கள் மைதானத்தில் அவன் கோல் அடித்தால் மதிலுக்கு அப்பால் சமைத்துக்கொண்டிருக்கும் அவனுடைய உம்மாவுக்கே கேட்கும்.

ஆகவே எங்கள் யோசனை பிரட்பி முறைதான். இரண்டு ஆட்டம், ஒன்று அங்கே, ஒன்று இங்கே, கோல்களைக் கூட்டிக் கிண்ணம். அரங்க வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சேர்க்கப் போகிற காசில் இரண்டு மைதானத்துக்கும் மண் போட்டு, தகரத்தால் ஆளுக்கொரு உடைமாற்றும் அறை கட்டலாம். பெண் பிள்ளைகளின் அணி தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அந்த அறை இல்லாமல் அது நடக்காது. நகரத்து அரங்கை ஆதரிப்பவர்களில் இந்த ஒரு காரணத்துக்காகப் பேசுபவர்களோடு எங்களுக்குச் சண்டையே இல்லை.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் பழைய மாணவர்களும் பெற்றோரும் கூடுகிறோம். பக்கத்துப் பாடசாலையிலிருந்தும் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றுக் கருத்துள்ளவர்கள் கட்டாயம் வாருங்கள். வரும்போது யாரிடமாவது மிச்ச வெள்ளைப் பெயின்ட் இருந்தால் கொண்டு வாருங்கள், வடக்குப் பக்கக் கோல் கம்பம் துருப்பிடித்துவிட்டது.