கோப்பு வடிவ மாற்ற நிரல் (மென்பொருள் தமிழாக்கம்)

கோப்பு வடிவ மாற்ற நிரல் என்பது, மென்பொருளின் பட்டியல்களிலும் செய்திகளிலும் இடம்பெறும் சரங்களை ஒரு கோப்பு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்காகப் பெர்ல், பைத்தான் போன்ற மொழிகளில் எழுதப்படும் சிறுநிரலாகும். கட்டற்ற மென்பொருள்களில் பரவலாக வழங்கும் பி.ஓ. கோப்பு, மூலச் சரத்தையும் மொழிபெயர்ப்பையும் இணையிணையாகக் கொண்டது. அதனை ஒயாசிஸ் அமைப்பின் தரமான எக்ஸ்லிஃப் வடிவத்துக்கு மாற்றுகையில் இணைகள் பிறழாதிருக்க வேண்டும்.

தமிழில் இப்பணியோடு குறியாக்க மாற்றமும் சேர்ந்துகொண்டது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் குறியாக்கங்களை ஏற்றது. இணையக் குழுக்களில் திஸ்கி என்னும் குறியாக்கம் வழங்கியது. 2010இல் அரசு ஒருங்குறியைத் தரமாக்கியது; எனவே பழைய குறியாக்கக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. திஸ்கியில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகளாகப் பதியப்பட, ஒருங்குறியில் ககரத்தை அடுத்து ஒகரக் குறி ஒன்றே வருவதால், நேருக்குநேர் பதிலிடும் அட்டவணை மட்டும் போதாது; நிரல் குறிகளை இடம்மாற்றி இணைக்கவும் வேண்டும். சரங்களினிடையே எண்ணோ பெயரோ வந்தமரும் ‘%d’, ‘%s’ போன்ற இடங்காட்டிகள் சிதைந்தால் மென்பொருளே பிழைபடக்கூடுமாதலின், மாற்றிய கோப்பைக் கெட்டெக்ஸ்ட் என்னும் மொழியாக்க மென்பொருள் தொகுப்பின் கருவியால் சரிபார்ப்பது வழக்கம்.