டிராக்டர் ஆயில், கிரீஸ் கெடாமல் சேமிப்பது எப்படி?

சேற்றுழவு நேரத்தில் ரோட்டவேட்டரைத் தூக்க முடியாமல் ஹைட்ராலிக் திணறுகிறது. ஆயிலை வடித்துப் பார்த்தால் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கிறது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். பழுதான சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் புகுந்திருக்கலாம். ஆனால், கொட்டகையில் இருந்த கேனிலேயே ஆயில் கெட்டுப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. இதைப் பல விவசாயிகள் கவனிப்பதில்லை. நல்ல ஆயிலாகப் பார்த்து வாங்கினாலும், வைக்கும் முறை சரியில்லை என்றால் பம்ப், பேரிங், கியர் என்று செலவு கூடிக்கொண்டே போகும்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது?

மூடியை இறுக்கமாக மூடினால் போதும் என்று நினைக்கிறோம். வெயிலில் நிற்கும் டிரம்மில் உள்ள ஆயிலும் காற்றும் பகலில் விரிவடைவதால் உள்ளிருக்கும் காற்று மூடி இடுக்கு வழியாக வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது டிரம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அப்போது டிரம்மின் தலையில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும். இப்படித் தினமும் சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்கிறது.

டிரம், கேன் வைக்கும் முறை

* மழை, வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையில் வைக்க வேண்டும். தரையில் நேரடியாக வைக்காமல் மரப்பலகை மீது வைப்பது நல்லது.
* வெளியில்தான் வைக்க வேண்டும் என்றால், டிரம்மைக் கட்டைகள் மீது படுக்க வைத்து, உருளாமல் அணை கொடுக்கவும். இரண்டு மூடிகளும் பக்கவாட்டில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போது ஆயில் மூடிகளை உள்பக்கமாக மூடி நிற்பதால் ஈரக்காற்று புகாது. மேலே தார்ப்பாய் போடவும்.
* உரமூட்டை, பூச்சிமருந்து, தீவனம், பேட்டரி ஆகியவற்றுடன் சேர்த்து வைக்கக் கூடாது.
* பெயரும் கிரேடும் அழியாமல் இருக்கட்டும். வாங்கிய தேதியை எழுதி வைத்து, முதலில் வாங்கியதை முதலில் பயன்படுத்தவும். எத்தனை காலம் வைக்கலாம் என்பதற்கு டப்பாவில் உள்ள குறிப்பே அளவுகோல்.

ஊற்றும்போது கவனிக்க வேண்டியவை

தண்ணீருக்கு அடுத்த எதிரி தூசி. கண்ணுக்குத் தெரியாத மணல் துகள்கூட ஹைட்ராலிக் பம்பைத் தேய்த்துவிடும். கேனைத் திறக்கும் முன் மூடியைச் சுற்றித் துடைக்க வேண்டும். டீசலுக்கு வைத்த புனலை ஆயிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. என்ஜின், ஹைட்ராலிக், கியர் ஆயில்களுக்குத் தனித்தனிப் புனலும் அளவுக் குவளையும் வைத்து, பயன்படுத்தியபின் பாலித்தீன் பையில் மூடி வைக்கவும். துத்தநாகம் பூசிய வாளியில் ஆயிலை ஊற்றி வைக்க வேண்டாம். ஆயிலில் உள்ள சேர்மானங்கள் துத்தநாகத்துடன் வினைபுரியக்கூடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. தேவைக்கேற்ற சிறிய டப்பாவாக வாங்கவும். திறந்து பல மாதம் ஆனதைப் பயன்படுத்த வேண்டாம்.

கிரீஸ் சேமிப்பு

கிரீஸ் டப்பாவை நிமிர்த்தி, நிழலில் வைக்க வேண்டும். நடுவில் குழி விழ அள்ளினால் அந்தக் குழியில் எண்ணெய் பிரிந்து தேங்கும். எனவே அள்ளியபின் மேற்பரப்பைச் சமப்படுத்தி உடனே மூடவும். மேலே லேசாக எண்ணெய் கசிந்திருந்தால் கலக்கிப் பயன்படுத்தலாம். அதிகமாகப் பிரிந்திருந்தாலோ, இறுகிப்போயிருந்தாலோ, மண் கலந்திருந்தாலோ ஒதுக்கிவிடவும். இரண்டு வகைக் கிரீஸை ஒன்றாகக் கலக்கக் கூடாது. சில வகைகள் சேர்ந்தால் இளகி, பேரிங்கிலிருந்து வழிந்துவிடும். கிரீஸ் கன்னை அழுத்தும் முன் நிப்பிளைத் துடைப்பது அவசியம்.

சந்தேகம் இருந்தால் சோதியுங்கள்

கண்ணாடிப் பாட்டிலில் சிறிது ஆயிலை எடுத்து ஓர் இரவு அசையாமல் வைக்கவும். அடியில் தண்ணீர் தங்கினாலோ, ஆயில் கலங்கலாக இருந்தாலோ பயன்படுத்த வேண்டாம். மேலே தெளிந்த ஆயிலை மட்டும் இறுத்து ஊற்றலாம் என்றும் நினைக்க வேண்டாம். கலந்த ஈரம் முழுவதும் அடியில் தங்கிவிடாது.

பாதுகாப்பு

ஆயில் வைத்த இடத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் வேலை கூடாது. மணல் வாளி வைத்திருக்கவும். எரியும் ஆயில் மீது தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். காலி கேன்களில் குடிநீரோ சமையல் எண்ணெயோ வைக்கக் கூடாது. கழிவு ஆயிலை வயலிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் தனிக் கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குப் போய்ச் சேரும் வகையில் ஒப்படைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருநாள் ஒதுக்கி, கொட்டகையில் உள்ள ஒவ்வொரு கேனையும் சரிபாருங்கள். மூடி உடைந்தது, பெயர் அழிந்தது, எதுவென்று தெரியாதது ஆகியவற்றை அன்றே கழிவுக் கேனுக்கு மாற்றிவிடுங்கள். மிச்சம் இருக்கிறதே என்று வண்டியில் ஊற்றினால், ஆயிலின் விலையைவிடப் பல மடங்கு பழுதுபார்ப்புக்குக் கொடுக்க நேரிடும்.