மோதிரத்துக்குள் ஒரு தேதி

மோதிரத்தின் உள்பக்கம் பெயர் பொறித்துக்கொள்ளும் வழக்கம் நம்மூரிலும் உண்டு. பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், இடம் இருந்தால் முகூர்த்தத் தேதி. இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்டும் தன் காதலிக்குக் கொடுத்த நிச்சயதார்த்த மோதிரத்தில் ஒரு தேதி பொறிக்கச் சொன்னார். ஆனால் அது கல்யாணத் தேதி அல்ல. அந்தப் பெண்ணுக்கு விவாகரத்து கிடைத்த தேதி!

27 அக்டோபர் 1936. லண்டனுக்கு வெளியே இப்ஸ்விச் என்ற ஊர் கோர்ட்டில், வாலிஸ் சிம்ப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி தன் இரண்டாவது கணவரிடமிருந்து விவாகரத்து பெற்றார். லண்டன்வாசிக்கு இப்ஸ்விச்சில் என்ன வேலை? எல்லாம் ஊர் கண்ணில் படாமல் காரியத்தை முடிக்கத்தான். பிரிட்டிஷ் பத்திரிகை முதலாளிகளிடம் மன்னர் தரப்பில் ஏற்கெனவே பேசி வாயை அடைத்தாகிவிட்டது. அமெரிக்கப் பத்திரிகைகளை யார் அடைக்க முடியும்? அங்கே கொட்டை எழுத்தில் வெளுத்துக் கட்டினார்கள்.

சரி, மோதிரத்துக்கு வருவோம். பாரிஸ், லண்டன், நியூயார்க் மூன்று ஊர்களிலும் கடை விரித்திருந்த கார்ட்டியர் நிறுவனத்தின் கைவேலை. நடுவில் ஒற்றை மரகதம், 19.77 காரட். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், கல் மட்டுமே கிட்டத்தட்ட அரைப் பவுன் எடை!

அந்தக் கல்லுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். முகலாயச் சக்கரவர்த்தி ஒருவரிடம் இருந்த, பறவை முட்டை அளவு மரகதம் ஒன்றை பாக்தாத்தில் கார்ட்டியரின் ஆள் வாங்கி வந்தாராம். முழுசாக வாங்க ஆள் கிடைக்காது என்று அதை இரண்டாக வெட்டினார்களாம். ஒரு பாதி ஓர் அமெரிக்கக் கோடீஸ்வரருக்கு, மறு பாதி மன்னருக்கு. கதையில் எத்தனை காரட் உண்மையோ!

முகலாய மரகதம் என்றதும் இந்திய மண்ணில் தோண்டியது என்று நினைத்துவிட வேண்டாம். முகலாயர்கள் சேர்த்த பெரிய மரகதங்கள் அநேகமாகத் தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் கிடைத்தவை. ஸ்பெயின்காரர்கள் அள்ளி வந்து, போர்ச்சுக்கீசியர் கைமாறி, கோவா வழியாக டெல்லி, ஆக்ரா போய்ச் சேர்ந்தவை.

மோதிரத்தில் பொறித்த வாசகத்துக்கு அர்த்தம், 'இனி நாம் நமக்கே சொந்தம்'. அதற்குள் ஒரு சிலேடை. வாலிஸின் முதல் எழுத்து டபிள்யூ, எட்வர்டின் முதல் எழுத்து இ. சேர்த்தால் 'வீ', அதாவது 'நாம்'. காதலில் விழுந்தால் மகாராஜாவும் காலேஜ் பையன்தான்.

ஆனால் அந்தத் தேதி சாதாரண விஷயமல்ல. அன்றைய இங்கிலாந்தில் விவாகரத்துத் தீர்ப்பு உடனே அமலுக்கு வராது. ஆறு மாதம் பொறுக்க வேண்டும். வாலிஸ் கோர்ட்டில் சொன்னது கணவரின் கள்ளத்தொடர்பு. அவரும் பிரே என்ற ஊர் ஹோட்டலில் இன்னொரு பெண்ணோடு தங்கி 'மாட்டிக்கொண்டார்'. இரண்டு பேரும் பேசிவைத்துச் செய்ததாகவோ, மனைவிக்கே வேறு தொடர்பு இருந்ததாகவோ இடையில் நிரூபணமானால் தீர்ப்பு ரத்து! இதைக் கண்காணிக்கவே ஓர் அரசு வழக்கறிஞர் இருந்தார். அவர் பதவியின் பெயரே 'மன்னரின் வழக்கறிஞர்' என்பதுதான் வேடிக்கை. வக்கீல் குமாஸ்தா ஒருவர் புகாரும் கொடுத்தார். விசாரணை நடந்தது. தீர்ப்பு வந்த அன்றைய தேதியையே பொறித்த நிச்சய மோதிரம் அப்போது கோர்ட் மேஜைக்கு வந்திருந்தால்..? 1937 மார்ச்சில் புகார் தள்ளுபடியானது. மே 3-ம் தேதி விவாகரத்து உறுதியானது.

அதற்குள் எட்வர்ட் மன்னராகவே இல்லை. முன்னாள் கணவர்கள் இருவரும் உயிரோடு இருக்க, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரான மன்னர் எப்படி அந்தப் பெண்ணை மணக்கலாம் என்று பிரதமர் பால்ட்வின் பிடிவாதமாக நின்றார். மகுடமா, மங்கையா? 1936 டிசம்பர் 10 அன்று முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார் எட்வர்ட். மொத்த ஆட்சி 326 நாட்கள்தான். 1937 ஜூன் 3-ல் பிரான்ஸில் கல்யாணம். பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. 'ஹெர் ராயல் ஹைனஸ்' பட்டமும் வாலிஸுக்குக் கடைசி வரை கிடையாது. (அதே ஆண்டு அக்டோபரில் தம்பதி ஹிட்லரைப் போய்ப் பார்த்துக் கைகுலுக்கினார்கள். காதலுக்காக உருகுபவர்கள் வசதியாக மறந்துவிடும் அத்தியாயம்.)

பழைய நகையை அழித்துப் புதுசாகச் செய்கிற ஆசை ராஜ குடும்பத்தையும் விடவில்லை. 1958-ல் மோதிரம் மறுபடி கார்ட்டியரிடம் போனது. பழைய பிளாட்டினத்துக்குப் பதில் மஞ்சள் தங்கம், மரகதத்தைச் சுற்றி வைரங்கள்.

1972-ல் எட்வர்ட் மறைந்தார். வாலிஸ் பாரிஸ் வீட்டில் பல வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்து 1986-ல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. நகைகளை விற்ற பணம் போய்ச் சேர்ந்தது பாரிஸின் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு. 1983-ல் எய்ட்ஸ் கிருமியைக் கண்டுபிடித்தார்களே, அதே ஆராய்ச்சி நிலையம்.

1987 ஏப்ரலில் ஜெனீவா ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஏலம் விட்டது சதபீஸ் நிறுவனம். 70 லட்சம் டாலர் தேறும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டு நாளில் விழுந்தது சுமார் 5 கோடி டாலர்! நடிகை எலிசபெத் டெய்லர் போனிலேயே ஏலம் கேட்டு, இறகு வடிவ வைர புரோச் ஒன்றை எடுத்தார். மரகத மோதிரம் 20 லட்சம் டாலரை ஒட்டி விலை போனது.