நக்கீரர் ஏன் காலைப் பரப்பி உட்கார்ந்தார்?

திருவிளையாடல் (1965) படத்துல தருமி சீன் முடிஞ்ச கையோட வர்ற அந்த வாக்குவாதத்தை நாம எல்லாரும் எத்தனை தடவை பார்த்திருப்போம்! சிவனா சிவாஜி, நக்கீரரா ஏ.பி.நாகராஜன். ரெண்டு பேரும் வெண்பாவிலேயே மோதிக்குவாங்க. சிவன் கோவத்துல நக்கீரரோட குலத்தொழிலை இழுப்பார். உடம்பெல்லாம் புழுதி படிய, அறுக்கிற வாள்ல நெய்யைத் தடவிக்கிட்டு, ரெண்டு காலையும் பரப்பி உட்கார்ந்து சங்கை அறுக்கிறவன் நீ, என் பாட்டுல குத்தம் சொல்றியாங்கிற தொனி. பழைய தனிப்பாடல் ஒண்ணுதான் அது. நக்கீரர் விடுவாரா? சங்கை அறுத்துப் பிழைக்கிறோமே தவிர உன்னை மாதிரி இரந்து பிழைக்கலைன்னு திருப்பி அடிப்பார்.

சின்ன வயசுல அந்தப் பதிலடிக்குக் கை தட்டினவன்தான் நானும். அந்த 'காலைப் பரப்பி' விஷயத்தை மட்டும் கவனிச்சதே இல்லை. இந்தப் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்போ தூத்துக்குடியில ஒரு லேத் பட்டறையில உட்கார்ந்திருக்கும்போது சட்டுனு உறைச்சுது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். காலேஜ்ல மெக்கானிக்கல் கூடப் படிச்ச நண்பன் பட்டறை வச்சிருக்கான். (நானும் மெக்கானிக்கல்தான். இப்போ பெங்களூர்ல ஆணி புடுங்கறேன் :-)) சின்னதா ஒரு மில்லிங் மெஷின் வாங்கி, அதுக்கு ரோட்டரி ஆக்சிஸ் ஒண்ணும் வாங்கியிருந்தான். சாதாரண மில்லிங் மெஷின் இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ்னு மூணு வழியில நகரும். ரோட்டரி ஆக்சிஸ் மாட்டினா பொருளையே சுத்தவிட்டு எல்லாப் பக்கமும் செதுக்கலாம்.

பிரச்சினை என்னன்னா, அவன்கிட்ட இருந்த த்ரீ ஜா சக் வேற கம்பெனி. போல்ட் ஓட்டை எதுவும் பொருந்தலை. அதனால ரெண்டுக்கும் நடுவுல ஒரு அலுமினியத் தகடு கடைஞ்சோம். ஒரு பக்கம் மெஷினுக்கு, மறுபக்கம் சக்குக்கு. நம்ம ஆளுங்களுக்குப் புரியணும்னா, ஜாவால அடாப்டர் பேட்டர்ன் எழுதுவோமே, அதேதான், ஆனா கையில தூக்கிப் பார்க்கலாம். இதுல முக்கியமானது போல்ட் இல்லை. தகட்டோட ரெண்டு பக்கமும் வட்டமா ஒரு மேடு விட்டுக் கடையணும். மையத்தைப் பிடிச்சு வைக்கிறது அந்த மேடுதான். போல்ட் சும்மா இறுக்கும், அவ்வளவுதான். மாட்டி டயல் கேஜ் வச்சுப் பார்த்தா ஆட்டம் 0.03 மி.மீ. பய முகத்துல பல்பு எரிஞ்சுது.

அப்புறம்தான் ஆப்பு. அவனோட திட்டமே சங்குல பேர் பொறிச்சு விக்கிறது. சக்குல சைக்கிள் டியூப் துண்டுகளை வச்சு ஒரு சங்கை மாட்டி இறுக்கினான். கொஞ்சம் லூசா விட்டா வழுக்குது. இன்னும் கால் சுத்து இறுக்கினதும் 'டப்'புன்னு விளிம்பு தெறிச்சுது. "ஏலே, இத அறுக்கது, செதுக்கதெல்லாம் பெரிசில்ல. புடிக்கவே முடிய மாட்டேங்குல!"ன்னான்.

அந்த நிமிஷம்தான் எனக்கு நக்கீரர் ஞாபகம் வந்தார்.

யோசிச்சுப் பாருங்க. சக்குக்கு வேணும்கிறது உருண்டையான, மையம் உள்ள பொருள். சங்கு ஒரு சுருள். எங்கே வெட்டினாலும் சரியான வட்டம் கிடையாது, ஒண்ணுக்கொண்ணு இணையான ரெண்டு பக்கமும் கிடையாது. வளையல் அறுக்கிறவருக்கு இன்னும் கஷ்டம். முதல்ல சுத்தியலால தட்டி உள்ளே இருக்கிற நடுத்தண்டை உடைச்சு எடுத்துடணும். அப்பதான் குறுக்கே அறுத்தா வளையம் வரும். அதாவது சங்குக்குன்னு இயற்கையா இருந்த ஒரே அச்சும் போச்சு. மிச்சம் ஒரு வெத்துக் கூடு. அதை நெரிக்காமப் பிடிச்சுக்கிட்டு, கல்லு மாதிரி இருக்கிற ஓட்டை வாளால அறுக்கணும்.

இதை நம்ம ஆளுங்க ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே செஞ்சிருக்காங்க. மதுரைக்காஞ்சியில மதுரைக் கடைத்தெருவுல சங்கறுத்து வளையல் கடையறவங்க வர்றாங்க. அகநானூறு 24-ஆம் பாட்டுல வேள்வி செய்யாத பார்ப்பனர் வாளால சங்கறுக்கிறது உவமையா வருது. தூத்துக்குடிக்குத் தெக்கே, பாண்டியரோட துறைமுகமா இருந்த கொற்கையில அறுத்த சங்குத் துண்டுகளும் வளையல் துண்டுகளும் கிடைச்சிருக்கு. இன்னிக்குக் கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு.

முத்துக்குளிக்கிற கரைன்னே நம்ம ஊருக்குப் பேர். ஆனா முத்து எல்லா வருஷமும் கிடைக்காது. தூத்துக்குடியில கடைசியா வரிசையா முத்துக்குளிப்பு நடந்தது 1955-லேருந்து 1961 வரைக்கும். சங்குதான் சோறு போட்டது. 1658-ல் டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சப்போ சங்குக் குளிப்பும் அவங்க கைக்குப் போச்சு. சங்கு கப்பலேறிப் போனது வங்காளத்துக்கு. கல்யாணமான வங்காளிப் பெண்கள் கையில போடுற வெள்ளைச் சங்கு வளையல் நம்ம கடல்ல எடுத்த சங்குதான். முங்கி எடுத்தது நாம, அறுத்தது டாக்கா.

அந்த டாக்காவைப் போய்ப் பார்த்து எழுதினவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாணத்துல முத்து, சங்குக் குளிப்புகளைக் கவனிச்ச ஆங்கிலேய அதிகாரி. இந்தியாவின் புனிதச் சங்கு பத்தி 1914-ல் தனிப் புத்தகமே போட்டார். டாக்கா சங்காரி பஜார்ல அறுக்கிறவர் தரையில உட்கார்ந்திருப்பார். தரையில ஒரு குட்டை முளை. அந்த முளைக்கும் தன் காலுக்கும் நடுவுல சங்கை அணைச்சுக்குவார். ரெண்டு கையும் பிறை மாதிரி வளைஞ்ச கனமான வாளை இப்படியும் அப்படியும் தள்ளும். வளையம் வெட்டினதும், அரக்கையும் ஆத்து மணலையும் பூசின குச்சியால உள்பக்கத்தைத் தேய்ப்பாங்க.

இந்த வாளுக்கு இன்னும் பழைய சொந்தம் உண்டு. சிந்துவெளிச் சங்கு வளையல்கள்ல இருக்கிற வாள்தடத்தை ஆராய்ஞ்ச ஜோனதன் மார்க் கெனோயர், அதுவும் மெல்லிசான, வளைஞ்ச வெண்கல வாளோட தடம், வங்காளத்து வாள் மாதிரியேன்னு சொல்றார். அதாவது நாலாயிரம் வருஷத்துக்கு மேல.

இப்போ மறுபடியும் அந்தக் கிண்டல் பாட்டுக்கு வாங்க. புழுதி: அறுக்கும்போது பறக்கிற சங்குத் தூள். வாள்ல நெய்: உராய்வைக் குறைக்கிற எண்ணெய், நம்ம பட்டறையில இப்போ கூலன்ட். பரப்பின கால்: பிடிமானம். என் நண்பன் அலுமினியத்துல கடைஞ்ச அடாப்டர், சக், எல்லாம் சேர்த்து அந்த ரெண்டு கால்தான்! அவமானப்படுத்தணும்னு பாடின ஆள் தன்னை அறியாம ஒரு முழு வேலைக் குறிப்பை எழுதி வச்சுட்டுப் போயிட்டார். அந்தத் தொழிலை நாம ஞாபகம் வச்சிருக்கிறதும் இந்த ஒரு கிண்டலாலதான். அதுதான் எனக்கு உறுத்துது.

கால் ஒண்ணும் மட்டமான பிடிமானம் இல்லை. ஒவ்வொரு வளையம் வெட்டும்போதும் சங்கோட நீளமும் உருவமும் மாறும். கால் அதுக்கேத்த மாதிரி தன்னை மாத்திக்கும். சங்கு நழுவப் போறது வாளுக்கு முன்னாடி காலுக்குத் தெரியும். இதை எந்த சக்கும் செய்யாது. விலையா முதுகு, முழங்கால், மூச்சு எல்லாத்தையும் குடுத்தாங்க.

1971 மார்ச் 26 அன்னிக்கு பாகிஸ்தான் ராணுவம் சங்காரி பஜாருக்குள்ள புகுந்து சுட்டது. தப்பிச்சவங்கள்ல நிறைய பேர் எல்லை தாண்டி மேற்கு வங்காளம் போனாங்க. அப்புறம் மோட்டார் வந்து பிறை வாளை ஓரங்கட்டிடுச்சு. இப்போ சுழல்ற வட்ட வாள். ஆனா பல பட்டறைகள்ல சங்கைப் பிடிச்சிருக்கிறது இன்னிக்கும் வெறும் கைதான், வாளுக்கு ரெண்டு மூணு அங்குலம் பக்கத்துல.

நண்பன் கதைக்கு வரேன். கடைசியில பி.வி.சி. பைப் துண்டு ஒண்ணுல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊத்தி, சங்கோட வால் பக்கத்தை அதுல நட்டோம். உச்சி நுனியை எதிர்ப்பக்க சென்டர் முனையில முட்டுக் குடுத்து, காயற வரைக்கும் அசையாம வச்சோம். பைப்பை சக் பிடிச்சுது, சங்கு தப்பிச்சுது. பேர் அழகா விழுந்துச்சு.

ஆனா ஒரு சங்குக்கு ஒரு அச்சு. அடுத்த சங்குக்கு அது உதவாது, உடைச்சுப் போட்டு மறுபடியும் ஊத்தணும். சாயந்திரம் வரைக்கும் மூணு சங்குதான் முடிஞ்சுது. நாலாவதுக்கு பிளாஸ்டர் கலக்கும்போது, நக்கீரர் வெண்பாவை அவன்கிட்ட சொன்னேன். கையைத் துடைச்சுட்டு, தரையில உட்கார்ந்து, ரெண்டு பாதத்துக்கும் நடுவுல சங்கை வச்சு அழுத்திப் பார்த்தான்.

"அசையலடே"ன்னான்.