எக்ஸ் கதிரைத் திருப்பும் ஆடிகள்

மழை விட்டபின் ஹல்துமுல்லை ஊடாகச் செல்லும் ஏ4 வீதியில், லொறிகள் சிந்திய எண்ணெய் வானவில் நிறங்களில் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய்க்கு அந்த நிறம் கிடையாது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் தெறிக்கும் ஒளியலைகள் ஒன்றுசேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. எக்ஸ் கதிருக்கான பல்படை ஆடிகளும் இதே விதியில்தான் இயங்குகின்றன. ஆனால் எண்ணெய்ப் படலம் சில நூறு நனோமீற்றர் தடிப்பு. இங்கே ஒரு படை சில நனோமீற்றர் மட்டுமே. மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒன்று நனோமீற்றர்.

எக்ஸ் கதிர் ஆடியில் நேராக விழுந்தால் உள்ளே புகுந்துவிடும், அல்லது உறிஞ்சப்படும். குளத்து நீரில் சரித்து எறிந்த தட்டைக்கல் துள்ளுவதுபோல, ஏறத்தாழ ஒரு பாகைச் சரிவில் உரசி விழுந்தால்தான் தெறிக்கும். 2015 செப்டெம்பர் 28 இல் ஏவப்பட்ட இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செய்மதியில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தொலைநோக்கியில் தங்கம் பூசிய 320 மெல்லிய ஆடிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கியில் (1999) தங்கத்துக்குப் பதில் இரிடியம். இத்தகைய ஒற்றைப் பூச்சு சுமார் 10 கிலோ இலத்திரன்வோல்ற்று வரைதான் நன்றாக உதவும். அதற்கு மேல் சரிவுக் கோணம் மிகவும் சுருங்கிவிடுகிறது.

அங்கேதான் பல்படை தேவைப்படுகிறது. கனமான பொருளும் இலேசான பொருளும் மாறி மாறிப் படிய, ஒவ்வொரு எல்லையிலும் சிறிதளவு கதிர் தெறிக்கும். தடிப்பு சரியாக அமைந்தால் அந்தச் சிறு தெறிப்புகள் எல்லாம் ஒரே அடியாகக் கூடும். 2012 இல் நாசா ஏவிய நுஸ்டார் தொலைநோக்கியின் ஒவ்வோர் ஆடித்தொகுதியிலும் 133 ஓடுகள். உட்புறத்தில் பிளாற்றினமும் காபனும், வெளிப்புறத்தில் தங்குதனும் சிலிக்கனும். அது 79 கிலோ இலத்திரன்வோல்ற்றோடு நின்றுவிடுவதற்குக் காரணம் பிளாற்றினமேதான்: 78.4 ஐத் தாண்டியதும் அது கதிரைத் திடீரெனப் பலமாக உறிஞ்சத் தொடங்குகிறது.

இரண்டு பொருள்களை அடுக்குவதைவிட, அவற்றைக் கலக்காமல் வைத்திருப்பதே பெரும்பாடு. 1940 இல் டுமண்டும் யூட்ஸும் செம்பையும் தங்கத்தையும் அடுக்கிப் பார்த்தார்கள். அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவ, சில நாட்களிலேயே தெறிப்பு மங்கத் தொடங்கியது. தங்கம் என்றால் எதற்கும் நிலைக்கும் என்பது நம் நகைக்கடை நம்பிக்கை! நல்ல சோடி எது என்ற தேடல் இன்றும் ஓயவில்லை. நமக்கு அருகில் அந்த வேலை நடப்பது இந்தோரிலுள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில். வெற்றிடத்தில் ஆர்கன் அயன்களால் அடித்துப் பெயர்த்த அணுக்களைப் படையாகப் படியவைத்து, அங்கேயே உள்ள இண்டஸ் ஒளிமூலத்தில் ஆடியைச் சோதிக்கிறார்கள். இலங்கையில் அப்படியோர் ஒளிமூலம் இல்லை.

இது வானியலோடு முடியும் விடயமும் அல்ல. இன்றைய உயர்ரகக் கைபேசிச் சில்லுகளை அச்சிடுவது, எக்ஸ் கதிரை அடுத்துள்ள 13.5 நனோமீற்றர் ஊதாகடந்த ஒளி. அதைத் திருப்புபவை மொலிப்டினமும் சிலிக்கனும் சுமார் 40 சோடிகளாகப் படிந்த ஆடிகள். மிகச் சிறந்த ஆடியும் ஏறக்குறைய 70 சதவீதத்தைத்தான் திருப்பும். பத்து ஆடிகளைக் கடந்து வரும்போது, புறப்பட்ட ஒளியில் நூற்றுக்கு மூன்று பங்குகூட மிஞ்சாது.