சீன எனாமல் பீங்கான்

மெருகிட்டு உயர்வெப்பத்தில் சுட்ட பீங்கானின் மேல் எனாமல் வண்ணம் தீட்டி, இரண்டாம் முறை குறைந்த வெப்பத்தில் சுட்டெடுத்த கலன்கள். சியாங்சி மாகாணத்து ஜிங்தேசென் நகரமே இவற்றின் தாயகம். முதல் சூளையின் 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாங்கும் நிறங்கள் மிகச் சில. கோபால்ட் நீலம் அவற்றுள் முதன்மையானது. பிற நிறங்கள் பெரும்பாலும் மெருகின்மேல் பூசப்பட்டு 700–800 பாகையில் சுடப்பட்டன.

மிங் பேரரசர் செங்குவா காலத்தில் (1465–87) தௌசாய் முறை உச்சம் தொட்டது. மெருகின் அடியில் நீலக்கோட்டால் உருவரைந்து, சுட்டபின் அக்கோட்டுக்குள் வண்ணம் நிரப்புவது இம்முறை. சேவலும் கோழியும் குஞ்சுகளும் தீட்டிய, 8 செ.மீ. அகலமே உள்ள இக்காலக் கிண்ணம் ஒன்று 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு விலைபோனது. பின்வந்த மிங் பேரரசர் வான்லி காலத்து ஊசாய் எனும் ஐந்நிற வகையில் சிவப்பும் பச்சையும் அடர்ந்திருக்கும். சிங் பேரரசர் காங்சி காலத்தில் (1662–1722) பச்சை வகை தழைத்தது. அவர் ஆட்சியின் இறுதியில், தங்கத் துகளிலிருந்து பெறும் இளஞ்சிவப்பு ஐரோப்பியத் தொடர்பால் அரண்மனைப் பட்டறைக்கு வந்தது. வெள்ளை எனாமலைக் கலந்து நிறத்தைப் படிப்படியாக வெளிறச் செய்யும் ஃபென்சாய் முறை இதன்வழி வளர்ந்தது. அடுத்த பேரரசர் யோங்செங் காலத்து (1723–35) ஃபென்சாயின் மென்மையைப் பின்வந்தோர் எட்டவில்லை; அவரையடுத்த சியன்லுங் காலத்தில் அணிமிகுதி அழகை அமுக்கிவிட்டது.

அலங்காரங்கள் பெரும்பாலும் வாழ்த்துகளே. சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒலி ஒன்றே. ஆகவே ஐந்து வௌவால்கள் நீளாயுள், செல்வம், நலம், அறப்பற்று, அமைதியான முடிவு ஆகிய ஐம்பேறுகளைக் குறிக்கும். பீச் பழம் நீளாயுள். விதை மலிந்த மாதுளை மக்கட்பேறு. பியோனி மலர் செல்வம். ஐந்து நகமுள்ள டிராகன் பேரரசருக்கு உரியது. யோங்செங் தட்டொன்றில் பீச் கிளை வெளிப்புறத்தில் வேரூன்றி, விளிம்பைத் தாண்டி உட்புறம் படர்ந்து காய்த்திருக்கும்; பழத்தின் கன்னச்சிவப்பு நுண்புள்ளிகளால் ஆனது. வெளியிலுள்ள கிளை எந்த இடத்தில் உள்ளே இறங்குகிறது என்பதைத் தட்டைக் கையில் ஏந்திச் சுழற்றினால்தான் காணமுடியும்.

அடியில் எழுதிய ஆட்சிமுத்திரை காலத்துக்குச் சான்றாகாது. காங்சி காலத்துக் கைவினைஞர்களே செங்குவா முத்திரையை முன்னோர்மேல் கொண்ட மதிப்பால் இட்டனர்.

பேரரசு 1912இல் முடிந்தது. ஜிங்தேசென் இன்றும் பீங்கான் செய்கிறது. அரண்மனைப் பட்டறைக் கலன்களிற் பெரும்பகுதி தாய்பெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. பம்பாயில் பிறந்த பெர்சிவல் டேவிட் திரட்டிய ஏறத்தாழ 1,700 சீனக் கலன்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.